அட்டவணை அண்ணை

ஆடி பிறந்தால் வன்னியில் கண்டாவளைப் பக்கத்துக்கு மூன்று வருகைகள் நிச்சயம்: சோளகக் காற்று, அது கிளப்பும் புழுதி, ஜேர்மனியிலிருந்து அட்டவணை அண்ணை. முதல் இரண்டையும் யன்னலைச் சாத்தித் தடுத்துக்கொள்ளலாம்.

அட்டவணை அண்ணை என்பவர் ஒருவரல்லர். முரசுமோட்டையிலும் இருப்பார், தருமபுரத்திலும் இருப்பார். எண்பதுகளின் கடைசியிலோ தொண்ணூறுகளிலோ ஊரைவிட்டுப் போனவர். அங்கே அவருடைய பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறார்கள். வகுப்பில் திருக்குறள் ஒப்புவிக்கிறார்கள். வகுப்பு முடிந்து படி இறங்குமுன்னே ஜேர்மனுக்கு மாறிவிடுகிறார்கள். வாசலில் காருக்குள் காத்திருக்கும் அண்ணைக்கு நெஞ்சு கொதிக்கிறது. மற்றவர்களுக்கு நெஞ்சு கொதித்தால் கவிதை வரும். அண்ணைக்கு எக்செல் வரும்.

மாசி மாதமே குடும்ப வட்ஸ்அப் குழுவில் அது வந்து விழும். நாலு நிறம், ஆறு கிழமை. காலை ஆறு மணி: அப்பப்பாவுடன் வயல், வினைச்சொற்கள். எட்டு மணி: அப்பம்மாவுடன் குசினி, பெயர்ச்சொற்கள். பத்து மணி: ஊர்ப் பிள்ளைகளுடன் உரையாடல். பின்னேரம்: முதியோரிடம் பழமொழி சேகரித்தல். வீட்டுக்குள் ஜேர்மன் கதைத்தால் சொல்லுக்கு நூறு ரூபா தண்டம். பின்குறிப்பு: வைஃபை கடவுச்சொல்லை ஒருவரும் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. இதை வாசித்த அப்பம்மா கேட்ட ஒரே கேள்வி, "சாப்பாடு எத்தினை மணிக்கு?" அண்ணை அதைப் போட மறந்திருந்தார்.

இந்த யோசனை அவருக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது. அங்கே கடலோரத்தில் ஒரு கல்லுடைக்கும் ஊர். நான்ற் குர்தேர்ன் என்று பெயர். அண்ணை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக உச்சரிப்பார். கல் வேலை நின்றதும் சனம் போய்விட்டது, ஊர் பாழாய்க் கிடந்தது. 1978இல் ஒரு அறக்கட்டளை ஊரை வாங்கி, இடிந்த வீடுகளைத் திருத்தி, 1982இல் வெல்ஷ் மொழி வகுப்பு தொடங்கியது. படிக்க வருகிறவர்கள் அங்கேயே தங்கி, அந்த மொழியிலேயே தின்று குடித்துப் பழகுகிறார்கள். வேல்ஸில் 2021 கணக்கெடுப்பின்படி அந்த மொழி பேசுவோர் ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. 2050க்குள் பத்து லட்சமாக்குவோம் என்று அவர்களுடைய அரசாங்கம் நிற்கிறது. இவ்வளவையும் அண்ணை விறாந்தையில் நின்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

"வெறும் ஊரை வாங்கி, பள்ளிக்கூடமாக்கிப்போட்டாங்கள் ஐயா!"

சாய்மனைக் கதிரையில் கிடந்த அவருடைய ஐயா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். "எங்கட ஊரும் 2009இலை சண்டையோடை வெறுமையாத்தான் கிடந்தது, தம்பி. வாங்க ஒருத்தரும் வரேல்லை."

அண்ணை அதைக் கேளாதவர்போல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

வினைச்சொற்களில் இருந்தே சரிவு தொடங்கியது. அண்ணையின் நினைவில் இருக்கிற வயல் நாற்பது வருசத்துக்கு முந்தியது. அரிவாள் பிடித்து வெட்டுதல், கதிர் கட்டுதல், சூடு வைத்தல், மாடு விட்டு மிதித்தல், தூற்றுதல், அளத்தல் என்று ஒரு கொப்பி நிரம்ப எழுதி வந்திருந்தார். சிறுபோக வெட்டு நாளன்று பிள்ளைகளை வரம்பில் வரிசையாக நிறுத்தினார். வெட்டு மெசின் வந்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, நெல்லை உழவு மெசின் பெட்டிக்குள் கொட்டியது, அடுத்த வயலுக்குப் போய்விட்டது. மகன் கொப்பியில் "வந்தது, போனது" என்று எழுதினான். களத்தில் பொலி சொல்லுகிற முறையைப் பிள்ளைகளுக்கு விளக்கும்படி மெசின்காரப் பெடியனை அண்ணை மறித்துக் கேட்டார். "போலியோவோ அண்ணை? அது கிளினிக்கிலை மிஸ்மாரிட்டைத்தான் கேக்கோணும்" என்று அவன் மரியாதையாகவே சொன்னான்.

குசினி இதைவிட மோசம். மகன் முதல் நாளே போய், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபடி, "அப்பம்மா, எனக்கு நீர் அருந்த வேண்டும்" என்றான். றேடியோவைப் பூட்டாமல் விட்டுவிட்டேனோ என்று அப்பம்மா திரும்பிப் பார்த்தார். அதுகூடப் பரவாயில்லை. பத்து வருசமாக வீடியோ அழைப்பில் பேரப்பிள்ளைகளோடு கதைத்துக் கதைத்து அப்பம்மா சேர்த்து வைத்திருந்த மொத்த ஜேர்மனும் அன்றுதான் வெளியில் வந்தது. விடியக் "கூட்டன் மோர்கன்", தோசை போட்டால் "குட்?", கோப்பை கழுவினால் "டாங்கே". தண்டக் கணக்கில் முதற் கிழமையே முன்னுக்கு நின்றவர் அப்பம்மாதான். தாயிடம் காசு கேட்க அண்ணைக்கு வாய் வரவில்லை.

வாசலுக்கு வெளியிலும் இதே கதிதான். கடைக்காரர் பிள்ளைகளைக் கண்டதும் "யெஸ், வாட் யூ வோன்ட்?" என்பார். ஓட்டோக்காரர் இங்கிலிசில்தான் வாடகை சொல்லுவார், அதுவும் கூட்டி. வெல்ஷ் படிக்கப் போகிறவர்களும் இதையேதான் முறையிடுகிறார்களாம்: திக்கித் திக்கி ஒரு வசனம் தொடங்குமுன் எதிரில் நிற்பவர் நல்ல மனசோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மொழி பழக வந்தவனுக்கு விருந்தோம்பலைப் போல் எதிரி கிடையாது. இது என் அபிப்பிராயம், அண்ணை ஒத்துக்கொள்ள மாட்டார்.

பத்து மணி உரையாடலுக்கு ஊர்ப் பிள்ளைகள் அகப்படவேயில்லை. அவர்களுக்கு ஆடி மாதம் பள்ளிக்கூடம். ஆவணியில் லீவு விட்டால் காலை கணிதம், மத்தியானம் விஞ்ஞானம் என்று ரியூசன். தமிழ் கதைக்க ஓய்வாக இருந்தவர்கள் ஊரிலேயே இரண்டு பேர்தான். இரண்டு பேரும் ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு டோட்முண்டில் மாப்பிள்ளை. ஜேர்மனிக்குத் துணைவர் விசா எடுக்க மொழியில் ஏ1 சித்தி வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அன்றிலிருந்து வன்னியின் கல்யாணப் பேச்சில் சாதகப் பொருத்தத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு பொருத்தமாகக் குந்திக்கொண்டது. கொழும்புக்குப் போய்ச் சோதினை எழுத அவளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அலுமாரி ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவளின் வேலிக்கு அப்பால் அசல் ஜேர்மன்காரர் இருவர் சும்மா இருந்தால் விடுவாளா? பின்னேரம் நாலு மணிக்கு மாமர நிழலில் வகுப்புத் தொடங்கியது. அட்டவணை அண்ணையின் மகள் கதிரையில் கால்மேல் கால் போட்டு, தண்டம் அறவிடாமல், தவறுக்கொரு குட்டு என்ற நம்மூர் முறைப்படி நடத்தினாள். குருதட்சணை: வைஃபை கடவுச்சொல்.

மகனை வளைத்துப் பிடித்தது கிரிக்கெட். ரியூசன் விட்டு ஐந்தரைக்கு வருகிற பெடியளோடு வாய்க்கால் கரையில் ஆட்டம். அங்கே ஒருவரும் அவனுக்குச் சொல் சொல்லிக் கொடுக்கவில்லை. ரன்அவுட் இல்லையென்று சாதிக்க அவனுக்கே சொற்கள் தேவைப்பட்டன. ஒருநாள் இரவு அண்ணை அட்டவணையைக் கையில் பிடித்து, நாளைக்குப் பழமொழி பத்துப் பாடமாக்கோணும் என்று தொடங்க, மகன் சோற்றிலிருந்து தலை நிமிராமலே சொன்னான்:

"சும்மா பேய்க்கதை கதையாதேங்கோ அப்பா."

அண்ணை விறைத்துப்போனார். ஐயா கதிரையில் எழும்பி உட்கார்ந்தார். "வினைச்சொல் பிழையோ, தம்பி? மரியாதையும் வைச்செல்லோ சொல்லுறான்."

அட்டவணையில் அந்தக் கட்டத்தைப் பச்சையடிப்பதா சிவப்படிப்பதா என்று அண்ணை கட்டுநாயக்கா விமான நிலையம் போகும்வரைக்கும் முடிவெடுக்கவில்லை.

அடுத்த மாசியில் புதிய அட்டவணை வந்தது. ஐந்து நிறம், சாப்பாட்டு நேரம்கூட இருந்தது. கடைசி வரி தடித்த எழுத்தில்: "மாலை 4–5: பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் ஜேர்மன் கதைப்பது முற்றாகத் தடை." அப்பம்மா குரற்பதிவில் பதில் அனுப்பினார்: "தம்பி, அவள் பாஸ் பண்ணித் தையிலையே டோட்முண்டுக்கு வந்திட்டாளெல்லே. உன்ரை பிள்ளையளுக்கு உது தெரியும். கிழமைக்கு இரண்டுதரம் தமிழிலை கதைக்கினமாம்."