இறங்கிய கண்ணாடி ஏறாமை: ஓர் ஆய்வு

பவர் விண்டோ பழுதாகும்போது ஏன் எப்போதும் இறங்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது? அதுவும் மழை தூறத் தொடங்கிய பிறகு? இதை விதி என்று சொல்லிக் கடந்துபோகும் அறிஞர் கூட்டம் ஒன்று உண்டு. இக்கட்டுரை அவர்களை மறுக்கிறது.

காரணம் இரண்டு. முதலாவது புவியீர்ப்பு. இறங்கும்போது கண்ணாடியின் எடையே மோட்டாருக்கு உதவுகிறது. ஏறும்போது அதே எடை எதிர்க்கட்சி. தேய்ந்த மோட்டாரும் இறுகிய ரப்பரும் கண்ணாடியை எப்படியோ இறக்கிவிடும். ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். இரண்டாவது, மூடியபடியே நின்றுவிட்ட கண்ணாடியை எவரும் நோயாளியாகக் கருதுவதில்லை. ஏசி ஓடுகிறது, யார் கவனிப்பார்? போதாக்குறைக்கு 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட, கண்ணாடியை இறக்கிக் காசு நீட்டும் வேலையும் குறைந்தது. மேலே நின்ற கண்ணாடிகள் கேட்பாரற்று நெடுஞ்சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது என் கருதுகோள். நிரூபிக்க வழியில்லை, உரிமையாளருக்கே தெரியாது.

வரலாறு சுருக்கமானது. 1940இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் மின்சாரத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் சேர்த்துக் கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டியது. நம்மூரில் மாருதி 800இன் கைப்பிடியைச் சுற்றிய தலைமுறைக்கு இந்நோய் தெரியாது. அவர்களுக்குக் கைப்பிடி கையோடு வந்துவிடும் வேறொரு நோய் இருந்தது.

இனி நோய்நாடல். ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், இத்துறைக்குச் சித்த மருத்துவப் பகுப்பே பொருந்துகிறது: வாதம், பித்தம், கபம்.

வாதம் என்பது நரம்புக் கோளாறு. காரின் உடலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதற்குள் ஓடும் வயர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து, மூடும்போதெல்லாம் மடங்குகின்றன. ஒருநாள் உள்ளே செம்பு அறுந்துபோகும். மேலுறை மட்டும் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். கதவைத் திறந்து வைத்தால் கண்ணாடி ஏறுகிறது, மூடினால் ஏறவில்லை என்றால் இதுவே.

பித்தம் என்பது சூடு. வீட்டுப் பிள்ளை ஸ்விட்சை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தால், மோட்டார் எரிந்துபோகாமல் காக்க அதனுள் இருக்கும் வெப்பக் காவலன் மின்சாரத்தை நிறுத்திவிடும். சில நிமிடம் சும்மா இருந்தால் தானே சரியாகும். அந்தச் சில நிமிடத்துக்குள் வந்து சேரும் மெக்கானிக் கைராசிக்காரர் என்று பெயரெடுக்கிறார்.

கபம் சளி. கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் புழுதி சேர்ந்து இறுகி, கண்ணாடி முனகிக்கொண்டே ஏறும். கையை நசுக்காமல் தானே பின்வாங்கும் வசதியுள்ள கார்களில் இது விபரீதமாகிறது: உராய்வை யாரோ வைத்த விரல் என்று எண்ணி, பாதி ஏறிய கண்ணாடி பணிவோடு மறுபடி இறங்கிவிடும். மருந்து, பள்ளத்தைத் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்பிரே. தேங்காயெண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியத்தை இவ்வாய்வு வன்மையாகக் கண்டிக்கிறது. அது புழுதியை இன்னும் ஒட்டவைக்கும்.

நாடி பார்ப்பது எப்படி? இருட்டில் காரின் மேல்விளக்கைப் போட்டு ஸ்விட்சை அமுக்குங்கள். விளக்கு சற்றே மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது, சிக்கல் அதற்கப்பால். மங்கவே இல்லையென்றால் பியூஸ், ஸ்விட்ச், வயர் என்று வரிசையாகச் சந்தேகிக்கலாம். 'விர்' என்று சத்தம் மட்டும் வந்து கண்ணாடி அசையாவிட்டால், அதைத் தாங்கி ஏற்றி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டரில் கேபிள் அறுந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் உருளை உடைந்திருக்கும். பின்கதவுக் கண்ணாடி அங்குள்ள ஸ்விட்சுக்குப் பணிந்து டிரைவருக்குப் பணியாவிட்டால் குற்றவாளி மாஸ்டர் ஸ்விட்ச். டிரைவர் கதவில் மட்டும் எல்லாம் வேலை செய்து, மற்ற கதவுகளில் எதுவும் நகராவிட்டால், தயவுசெய்து முதலில் லாக் பட்டனைப் பாருங்கள். உங்கள் முழங்கை அதை அமுக்கியிருக்கும்.

சிகிச்சையில் இரு மரபுகள். தட்டல் மரபினர் ஒருவரை ஸ்விட்சை அமுக்கச் சொல்லிவிட்டுக் கதவின் உட்பக்கத்தில் ஓங்கி அறைவார்கள். சிரிக்க வேண்டாம். மோட்டாருக்குள் தேய்ந்து ஒதுங்கிய கார்பன் பிரஷ் அந்த அதிர்ச்சியில் மறுபடி போய் ஒட்டிக்கொள்வதுண்டு. ஆனால் அறைக்கு அடங்கும் காலம் கொஞ்சந்தான்.

கழற்றல் மரபு கடினமானது. கைப்பிடிக் குழிக்குள் சிறு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகைக் காணாமல் டோர் பேடை இழுப்பவர் கையில் அதன் பாதிதான் வரும். ரெகுலேட்டரைத் தளர்த்துமுன் கண்ணாடியை மேலே தூக்கி டேப்பால் கதவுச் சட்டத்தோடு ஒட்டிவிட வேண்டும். மறந்தால் அது கதவுக்குள் குடியேறிவிடும். பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். வேண்டாத பொருள் என்று அதைக் கிழித்தெறிவது இத்துறையின் மாபெரும் பாவம். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அது கீழேயுள்ள துளைகள் வழியே வெளியேறவே கதவு அமைக்கப்பட்டிருக்கிறது. தாள் இல்லாவிட்டால் தண்ணீர் உங்கள் செருப்பைத் தேடி வரும்.

பழைய ரெகுலேட்டர் வேண்டுவோர் சென்னையில் புதுப்பேட்டைக்குப் போகலாம். இடக்கதவுக்கு உரியது வலக்கதவுக்குச் சேராது. சேரும் என்று அடித்துச் சொல்பவரிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

கடைசியாக, நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டிய முதலுதவி. ஒருவர் வெளியே நின்று இரு உள்ளங்கைகளுக்கு நடுவே கண்ணாடியைப் பிடித்து மேலே தூக்க, இன்னொருவர் உள்ளே ஸ்விட்சை அமுக்க வேண்டும். மேல்விளிம்பில் விரலை வைக்கக் கூடாது. நனைபவர் யார், அமுக்குபவர் யார் என்பது குடும்பத்தின் உள்ளரசியலைப் பொறுத்தது. ஆனால் உள்ளே மனைவியின் தம்பியை உட்கார வைக்க வேண்டாம் என்பதே இவ்வாய்வின் உறுதியான பரிந்துரை. கண்ணாடி மெல்ல மெல்ல ஏறி முழுக்க மூடிய கணத்தில் அவர் சொல்வார்:

"ஏறிடுச்சு மாமா! இருங்க, சரியாயிடுச்சான்னு ஒரு தடவ இறக்கிப் பாத்துடறேன்."