கண்ணாடிக் கதவுப் புணரியல்: ஜொகூர் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு சொல் இன்னொரு சொல்லோடு சேரும்போது நடுவில் என்னென்ன நேரும் என்று தமிழ் இலக்கணிகள் நுணுகி நுணுகி விதி வகுத்திருக்கிறார்கள். ஒரு சுவர் ஒரு கதவோடு சேரும்போது என்ன நேரும் என்பதற்கு ஒரு நூற்பா கூட இல்லை. இந்தக் குறையின் பலனை அனுபவிப்பவை ஜொகூர் மாநிலத்துத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். ஸ்கூடாய், மாசாய், கூலாய் என எங்கு பார்த்தாலும் வரிசை வீடுகள். எல்லாவற்றிலும் குளியலறை உண்டு. ஷவர் நிற்கும் மூலைக்குக் கதவு வைக்கலாம் என்று வீட்டுக்காரருக்கு ஆசை வந்ததும் ஆய்வுக்கான களம் தயாராகிவிடுகிறது.

ரப்பர்த் தோட்ட லயங்களில் பொதுக் குழாயடியில் குளித்த தலைமுறைக்கு இச்சிக்கல் இல்லை. கதவே இல்லாத இடத்தில் அளவு பொருந்தவில்லை என்று யாரும் வருந்துவதில்லை.

முதலில் நிலைமொழியாகிய சுவரைக் காண்போம். மலேசியா 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தோடு மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆனால் வீடு இன்றும் ‘இருபதுக்கு எழுபது’ என்று அடிக்கணக்கில்தான் விலைபோகிறது. கதவோ மில்லிமீட்டரில் வருகிறது: 760, 800, 900, 1000. கொத்தனார் 2 அடி 10 அங்குலம் விட்டுச் சுவர் எழுப்பினார் என்று கொள்வோம். அது 864 மி.மீ. பூச்சு, பசை, டைல் என்று பக்கத்துக்கு 22 மி.மீ. போனால் மிஞ்சுவது 820. எண்ணூறு கதவு வைத்தால் சந்து விழும். தொள்ளாயிரம் உள்ளேயே போகாது. பழைய டைலைப் பெயர்க்கச் சோம்பி அதன் மேலேயே புது டைல் ஒட்டிய வீடுகளில் இன்னும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கும். வினோத அளவு என்று தனியாக எதுவும் பிறப்பதில்லை. அடியில் பிறந்து மில்லிமீட்டரில் வாழ்க்கைப்பட்ட திறப்புகள் எல்லாமே வினோதம்தான்.

இனி விதிகள். திறப்பும் கதவும் மாற்றமின்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. ஓரத்து அலுமினியச் சட்டத்தில் முப்பது, நாற்பது மி.மீ. வரை குறைக்க இடம் வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் விழுந்தவர் புண்ணியம் செய்தவர்.

மற்றவை விகாரப் புணர்ச்சி. அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். கதவுக்கும் சுவருக்கும் நடுவே அசையாத கண்ணாடித் துண்டு ஒன்று வந்து நிற்பது தோன்றல். அகலமான திறப்புகளுக்கு இதுவே சிறந்த வழி. கதவு தன் இயல்பு மாறி, திறப்பதற்குப் பதில் வழுக்குவதும் மடங்குவதும் திரிதல். ஹேக் பண்ணுவது, அதாவது சுவரையோ கீழ்க்கட்டையையோ உடைப்பது, கெடுதல். மாடிக் குளியலறையில் கட்டையை உடைக்கும்போது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சும் கெடும். கீழ்த்தளத்து உட்கூரையில் ஈரம் தோன்றும். ஒரு கெடுதல் இன்னொரு தோன்றலுக்குக் காரணமாகும் இவ்விடத்தை இலக்கணிகள் கவனிக்கத் தவறிவிட்டனர்.

‘கண்ணாடிதானே, கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமே’ என்று பூர்வபட்சத்தார் கேட்பர். வெட்ட முடியாது என்பதே விடை. ஷவருக்குப் போடுவது டெம்பர்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு இறுகி நெருங்கும். உட்பகுதி இழுபட்டு நிற்கும். அந்த இழுபறிதான் அதன் பலம். பிறகு எங்கே வெட்டினாலும் மொத்தமும் பொடியாகும். இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கண்ணாடித் துளிகளை லண்டன் ராயல் சொசைட்டி 1661இலேயே ஆராய்ந்தது: தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வாலைக் கிள்ளினால் தூளாகும். பாரிசைச் சேர்ந்த ராயர் த லா பாஸ்டி 1874இல் காய்ச்சிய கண்ணாடியைச் சூடான எண்ணெயில் அமிழ்த்திப் பலப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே துளையானாலும் வெட்டானாலும் உலைக்குப் போகுமுன் முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு மறுப்பாக ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயிலைச் சுட்டுவோர் உண்டு. 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய அக்கோயில் 2009இல் கண்ணாடிக் கோயிலாக மாறியது. தூண், வளைவு, விதானம் என எங்கும் சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள். எந்த அளவிலும் எந்தக் கோணத்திலும் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றன. மூன்று லட்சம் பொருந்தும் ஊரில் ஒன்று பொருந்தாதா என்பது அவர்கள் வாதம். ஆனால் அவை சிறு துண்டுகள். சுவரைப் பார்த்து ஒட்டியவை. ஷவர் கதவோ 8 மி.மீ. தடிமனில் முப்பது கிலோவைத் தாண்டும் ஒற்றைப் பலகை. சுவரைப் பார்க்காமல் ஆலையில் பிறந்து வருவது.

அதனால்தான் தேர்ந்த கண்ணாடிக் கடைக்காரர் அளவெடுக்க வந்ததும் டேப்பை வெளியே எடுப்பதில்லை.

“டைல் ஒட்டிட்டீங்களாக்கா?”

“அடுத்த வாரம் வந்து ஒட்டுறேன்னாங்க.”

“அப்ப ஒட்டுன பிறகு கூப்பிடுங்கக்கா.”

அடுத்த முறை வந்து அடி, நடு, மேல் என மூன்று இடத்தில் டேப் பிடிப்பார். 822, 817, 820 என்பது போல மூன்று எண் வரும்; நேரான சுவர் ஜொகூரில் அரிது. மூன்றில் சிறியதையே கொள்க. தரை, நீர் வடியும் குழியை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் கீழிடைவெளி ஒரு பக்கம் கூடும். அதை ரப்பர்ப் பட்டை அடைத்துக்கொள்ளும். மாடிப்படிக்கு அடியிலுள்ள குளியலறையில் மேல்விளிம்பே சாய்வு. அங்கே டேப் உதவாது. ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரில் வைத்துக் கோடு இழுத்து, அந்த அட்டையையே ஆலைக்கு அனுப்புவார்கள்.

பி.வி.சி. மடக்குக் கதவை அறிஞர் உலகம் ஏளனம் செய்கிறது. ஆனால் பொருத்த வந்தவர் ரம்பத்தால் அரை அங்குலம் அறுத்து எறியக்கூடிய கதவு அது ஒன்றுதான். பாதிக் குடும்பங்கள் அதனோடு சமாதானமாக வாழ்கின்றன.

புறனடை ஒன்று. 1200 மி.மீ. திறப்பில் வழுக்குக் கதவு போட்டால் ஆள் நுழையும் வழி 500ஐத் தாண்டுவது அரிது. தண்ணீர் பிடித்துவைக்கும் 200 லிட்டர் நீல டிரம்மின் குறுக்களவோ ஏறக்குறைய 580. 2015இல் சுங்கை லாயாங் நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் குறைந்து, பாசிர் கூடாங் வட்டாரத்தில் முறைவைத்துத் தண்ணீர் விட்டதைப் பார்த்தவர்கள் டிரம்மைக் கைவிட மாட்டார்கள். டிரம்மை முதலில் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு கதவு மாட்டலாம் என்பர் ஒரு சாரார். டிரம்மைக் கழுவ வெளியே எடுக்கும் நாள் பற்றி அச்சாரார் உரை எழுதவில்லை.