ஆடிட்டர் எழுதிய நரகல் கணக்கு

மதுரைக்காரனுக்குத் தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்காது. வைகை உடைப்பெடுத்தபோது சிவபெருமானையே மண் சுமக்க வைத்த ஊர் இது. கூலி, வந்திக் கிழவி அவித்த உதிர்ந்த பிட்டு. வேலையில் தூங்கினார் என்று பாண்டியனிடம் பிரம்படி. கடவுளுக்கே லேபர் லா கிடையாது!

2017இல் அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணைக்குத் தெர்மாகோல் போர்வை போர்த்தினார். தண்ணீர் ஆவியாகக் கூடாதாம். லேசாகக் காற்றடித்தது. போர்வை கரையேறி வந்துவிட்டது.

கரையை அடைத்தாயிற்று, மேலேயும் மூடியாயிற்று. உள்ளே என்ன விழுகிறது? அதை யோசித்த மனுஷன் கடைசிக் காலத்தில் எங்கள் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் இருந்தார். பெயர் ஜே. சி. குமரப்பா.

உடனே கைகூப்பிவிடாதீர்கள். ஆள் லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டர் கம்பெனி நடத்திய கோட்டு சூட்டு துரை. 1929இல் சபர்மதி ஆசிரமத்துக்கும் பட்டு சூட்டோடுதான் போனார். மரத்தடியில் யாரோ ஒரு கிழவர் நூல் நூற்க, நின்று வேடிக்கை பார்த்தார். கிழவர்தான் காந்தி! அப்புறமென்ன, சாணி மெழுகிய தரையில் சூட்டோடு உட்கார்ந்தார். அந்த சூட்டின் கதை அங்கேதான் முடிய ஆரம்பித்தது.

அடுத்து இந்த ஆடிட்டர் கையிலெடுத்தது எந்த லெட்ஜர் தெரியுமா? நரகல்! சிரிக்காதீர்கள். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் குமரப்பாவும் சகாக்களும் அதைக் கம்போஸ்ட் உரமாக்கச் சொன்னார்கள். வயலுக்கு வரவு வைக்க வேண்டிய சரக்கை ஆற்றில் கொட்டினால் வயலுக்கும் நஷ்டம், ஆற்றுக்கும் நஷ்டம். சாக்கடையைத் தின்னும் கிருமிகள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனையும் காலி செய்யும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். மிச்சச் சத்தில் ஆகாயத்தாமரை கொழுக்கும். ஓசி உரமாயிற்றே!

குமரப்பாவுக்குக் கோபம் மூக்குநுனியில். 1960 ஜனவரி 30இல், காந்தி இறந்த அதே தேதியில், போய்ச் சேர்ந்தார். நல்லவேளை. மதுரைக்குள் சாக்கடையாகிவிட்ட இன்றைய கிருதுமால் நதியைக் காட்டி 'இதுவும் நதிதான் ஐயா' என்று சொல்லியிருந்தால் நம் கதி என்ன?

சித்திரையில் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வைகை ஆற்றில் இறங்குவார் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதே ஆற்றில் சாக்கடையைக் கொண்டு சேர்க்கும் பந்தல்குடி வாய்க்கால் பக்கமும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். ஆற்றின் நிறம் என்னவென்று மட்டும் யாரும் கேட்பதில்லை.