ஐப்பசியில் வரும் பணம்

மரக்காணம் உப்பளத்தில் தை பிறந்ததும் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். அதன் பிறகு வாரத் தொடங்கும் உப்பு புரட்டாசி வரைக்கும் வரும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் தண்ணீரின் டிகிரி இறங்கிவிடும். அங்கே டிகிரி என்றால் வெயில் இல்லை. பாத்தித் தண்ணீரில் இருக்கும் உப்பின் கனம். 25-ஐ நெருங்கினால்தான் உப்பு பூக்கும். மழை கலந்த பிறகு அது வெறும் தண்ணீர். அன்றோடு கூலியும் நின்றது, தை வரைக்கும்.

இந்தக் கணக்கு தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு பிள்ளையும் வளர்ந்ததில்லை.

அம்மா தலைச்சுமைக்குப் போனவள். ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் குவித்த உப்பை, ஈரம் சொட்டச் சொட்டக் கூடையில் அள்ளி, அம்பாரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சும்மாட்டுத் துணியைத் தாண்டி உப்புத் தண்ணீர் நெற்றியில் வழியும், கண்ணுக்குள் இறங்கும். இரண்டு கையும் கூடையைப் பிடித்திருப்பதால் துடைக்க முடியாது. கண்ணை இடுக்கிக்கொண்டே நடப்பாள். வயதாகி வேலையை விட்ட பிறகும், திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்த இடுக்கல் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை. ராத்திரியில் குதிகால் வெடிப்புக்கு வேப்பெண்ணெய் தடவுவாள். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் அவளிடம் எதுவும் கேட்க மாட்டோம்.

1990-ல் நான் பன்னிரண்டாவது முடித்துத் திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்போது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். சேர்க்கைக்குப் பணம் கட்டியது ஆனி மாதம். உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த காலம், அதனால் அம்மாவால் கட்ட முடிந்தது. அடுத்து பணம் கட்டச் சொன்ன தேதி ஐப்பசியில் வந்தது. வீட்டில் அரிசியே கடனுக்கு வந்துகொண்டிருந்தது. உப்பள முதலாளியிடம் அடுத்த வருஷக் கூலிக்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது. நான் புத்தகங்களை அடுக்கிப் பரண்மேல் வைத்துவிட்டேன். யாரும் என்னைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மழை பெய்தது, அவ்வளவுதான்.

நாலைந்து நாள் கழித்து, பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நடத்திய டீச்சர் குடையோடு வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, பொண்ணு பஸ்ஸுக்கு வரலையாமே?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. டீச்சர் வேறெதுவும் கேட்காமல் என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மளிகைக் கடை, சைக்கிள் கடை, உப்பு மண்டி, டீக்கடை. ஒவ்வொரு இடத்திலும் அவர் பேசுவார், நான் குடைக்குப் பின்னால் நிற்பேன். மண்டிக்காரர் 25 ரூபாய், சைக்கிள் கடை 10, டீக்கடை 5. கடைசிப் பக்கத்தில் அம்மாவோடு சுமை தூக்கிய பெண்கள் எட்டுப் பேர், ஆளுக்கு 2 ரூபாய். கூலியில்லாத மாதத்தில் அந்த இரண்டு ரூபாய் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கத்தை மட்டும் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது அழுதேன். டீச்சர் நடந்துகொண்டே சொன்னார்: "முத்துலட்சுமி ரெட்டி படிச்சதும் உதவிப் பணத்துலதான். அவங்க அழுதுகிட்டா உக்காந்தாங்க?" புதுக்கோட்டையில் ஆண்கள் படிக்கிற கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது, ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைத் தள்ளிவிட்டு இடமும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். அந்தப் பெண் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். ராஜா கொடுத்தால் உதவித்தொகை, டீக்கடைக்காரர் கொடுத்தால் பிச்சையா என்று டீச்சர் கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை.

அதே சமயத்தில் எங்கள் வீட்டில் இன்னொரு பெண்ணின் படிப்பும் பணத்தோடு சேர்த்துப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. என் தங்கை. 1989-ல் கலைஞர் அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது 5,000 ரூபாய். "எட்டாவது முடிச்சுட்டா அஞ்சாயிரம் குடுக்கறாங்களாம், அதுவரைக்கும் போவட்டும்" என்று அம்மா முடிவு செய்தாள். அந்தத் திட்டத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் தங்கை, எங்கள் பெரிய அக்கா மாதிரி, ஐந்தாவதோடு உப்பளத்துக்குப் போயிருப்பாள். ஆனால் 'அதுவரைக்கும்' என்றால் அதுவரைக்கும்தான். எட்டாவது முடிவு வந்த மறுவாரம் தங்கை கூடை தூக்கினாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. சான்றிதழ் தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விட்டது, கல்யாணத்தின்போது எடுக்க.

மூவலூர் ராமாமிர்தம் யார் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். 1883-ல் பிறந்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுகிற வழக்கத்தை ஊர் ஊராகப் போய் எதிர்த்தவர். அதைப் பற்றி 1936-ல் ஒரு நாவலே எழுதினார். 1947-ல் சட்டம் வந்து அந்த வழக்கம் ஒழிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1962-ல் மறைந்தார். அவர் காலத்தில் அந்தக் குடும்பங்களின் பெண்களுக்குக் கல்யாணம் என்பதே விடுதலைதான். ஆகவே கல்யாண உதவிக்கு அவர் பெயர் பொருந்தும் என்று வாதாடலாம். ஆனாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. தங்கையின் படிப்பு நின்ற இடத்தில் அந்தப் பெயர் இருந்ததால் இருக்கலாம்.

தொகை பிறகு கூடியது. 2011-ல் பத்தாவது படித்தவருக்கு 25,000, பட்டதாரிக்கு 50,000, தாலிக்கு 4 கிராம் தங்கம் என்றானது. 2016-ல் தங்கம் 8 கிராம். எவ்வளவு கூடினாலும் பணம் வருகிற நாள் மட்டும் மாறவில்லை, கல்யாண நாள்தான்.

அந்த நாளை 2022-ல் மாற்றினார்கள். அதே ராமாமிர்தம் அம்மையார் பெயர், அதே நிதி. இப்போது உயர்கல்வி உறுதித் திட்டம். புதுமைப் பெண் என்கிறார்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய். அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கே வரும். தங்கையின் கடைசிப் பெண் அந்த வருஷம்தான் திண்டிவனத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள்.

ஆயிரம் ரூபாய் இந்தக் காலத்தில் எந்த மூலைக்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் ஒருமுறை மழைக்காலத்தில் மரக்காணத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மறுநாள் போய்ப் பார்த்தபோது உப்பளம் எது, கழுவெளி ஏரி எது, பக்கிங்காம் கால்வாய் எது என்று பிரிக்க முடியவில்லை. கீற்று போட்டு மூடி வைத்திருந்த அம்பாரங்கள் கரைந்து, ஈரக் கீற்று மட்டும் மிதந்தது. தங்கை வாசலில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக இப்போது அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. அது எப்போது கைக்கு வரும் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. தங்கை மகள் உள்ளேயிருந்து போனை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். "பெரியம்மா, இங்க பாருங்க." வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி. ஆயிரம் ரூபாய் வரவு. பருவத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு அவள் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, எந்தக் கடை வாசலிலும் நிற்கத் தேவையில்லை.

போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மழைக்காலத்தில் இந்த ஊர்க் கடைத்தெருவில் நான் குடைக்குப் பின்னால் நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அது வரவில்லை. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் கொடுப்பதும் அரசு, புத்தகம் கொடுப்பதும் அரசு, ஆயிரம் ரூபாய் மட்டும் கிடையாது என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் புரியும்? அந்த டிசம்பர் 30-ஆம் தேதி உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் திட்டத்தை நீட்டித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

தங்கை மகள் படிப்பில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மூன்றாம் வருஷத்தில் ஒருநாள் என்னைப் பூமீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போய்ச் சுவரில் விரல் வைத்துக் காட்டினாள். சோழர் காலத்துக் கல்வெட்டு. அளம் என்கிற சொல்லை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பெரியம்மா, நம்ம பாத்திங்க இதுல இருக்கு." சின்ன வயதிலிருந்து அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவும்தான். சுமை இறக்கி வைத்துவிட்டு அங்கேதான் உட்காருவாள்.

2025-ல் அவள் பட்டம் வாங்கினாள். முதல் பட்டத்தோடு அந்த ஆயிரமும் நின்றுவிடும், அதுதான் விதி. இப்போது பி.எட். படிக்க வேண்டும் என்கிறாள், வரலாற்று டீச்சராக. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். உப்பளத்தில் வளர்ந்த எங்களுக்குள் இதெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். என்னோடு அன்று பஸ்ஸில் வந்த பெண்களில் நாலு பேர் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள்; ஒருத்தி நர்ஸ், ஒருத்தி தபால் அலுவலகத்தில். ஒவ்வொருத்தர் பெயரும் எழுதி, பக்கத்தில் தொகையும் எழுதினேன். பி.எட். தவணை ஐப்பசியில் கட்ட வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பணத்தை அவள் கணக்கில் போட்டுவிட்டோம்.