பல்லேகலைச் சட்டி ஸ்ட்ரோபெரியின் உயரவியல்

1. ஆய்வுச் சிக்கல்

நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் மூன்று பொருள்களோடு வீடு சேர்கின்றன: லீக்ஸ், கரட், கறுப்புப் பையில் ஒரு ஸ்ட்ரோபெரிக் கன்று. முதலிரண்டும் அந்த வாரமே கறியாகிவிடுவதால் அறிவுலகத்துக்கு அவற்றால் தொந்தரவில்லை. மூன்றாவது, கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை வீட்டு வாசலில் துளையிட்ட தயிர்ச்சட்டியில் குடியேறி, 'ஏன் காய்க்கவில்லை?' என்ற வினாவை எழுப்புகிறது.

2. உயரக் கணக்கு

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். பல்லேகலை அதைவிட ஏறக்குறைய 1,400 மீற்றர் தாழ்வு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும் என்பது பொது விதி. ஆகவே பஸ்ஸால் இறங்கிய கன்று அன்றைக்கே 9 பாகைச் சூட்டைக் கூடுதலாகச் சந்திக்கிறது.

'சட்டியை மேல்மாடியில் வையுங்கள், குளிர்ச்சி' என்பது ஊர்ப் பெரியோர் சொல்லும் பரிகாரம். ஒரு மாடி 3 மீற்றர் எனக் கொண்டால் கிடைக்கும் குளிர்ச்சி 0.02 பாகை. நுவரெலியாக் குளிரை எட்ட 467 மாடிகள் கட்ட வேண்டும். கட்டட அனுமதி கிடைப்பது ஐயமே.

பகற்பொழுதைக் குறை சொல்வாரும் உளர். கண்டியில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்பதால், குறும்பகலில் பூக்கும் வகைகள் முறைப்பாடு செய்ய நியாயமில்லை. குற்றவாளி, குளிராத இரவு. சூடு மிகுந்தால் பூ குறையும். இலையும் ஓடுகொடியும் பெருகும்.

3. ஒன்றா, இருநூறா?

செடி மனமிரங்கி ஒரு பழம் தந்துவிட்டால் சிக்கல் தீவிரமாகிறது. சிவந்த சதை தாவரவியலின்படி பழமே அல்ல. பூவின் ஏந்தி பருத்தது. மேலே ஒட்டியிருக்கும் புள்ளிகளே மெய்யான கனிகள். ஒன்றில் சுமார் 200. எனவே 'இந்த வருஷம் இருநூறு காய்ச்சது மாமி' என்று தொலைபேசியில் சொல்லும் மருமகள் பொய்யுரைத்தவர் ஆகார்.

இதே கணக்கில் குரங்கு ஒரே வாயில் 200 களவு செய்கிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8.00 முதல் 8.05 வரை, பயிர் தின்னும் குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் எண்ணினார்கள். தின்றவற்றை எண்ணி, தின்னப்பட்டவற்றை எண்ணாமல் விட்டது அம்முயற்சியின் பெருங்குறை என இவ்வாய்வு பணிவுடன் சுட்டுகிறது.

4. வரலாற்றுச் சான்று

காய்க்காமைக்குத் தொன்மை உண்டு. ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்க்கச் சிலிக்குப் போன பிரெஞ்சுப் பொறியியலாளர் ஃப்ரெசியே, 1714இல் பெரும்பழ ஸ்ட்ரோபெரிக் கன்றுகளோடு ஊர் திரும்பினார். கப்பலில் குடிநீருக்கே தட்டுப்பாடு, பிழைத்தவை 5. அத்தனையும் பெண் செடிகள். மகரந்தம் தர வட அமெரிக்க வர்ஜீனியச் செடி பக்கத்தில் வந்த பிறகுதான் இன்றைய கலப்பினம் உருவானது. 1766இல் தாவரவியலாளர் டுஷேன் அதன் பிறப்பை விளக்கினார்.

நமக்கு வேண்டியது வேறு செய்தி. ஃப்ரெசியே ஒரு கன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட்டார். கப்பலில் தண்ணீர் தந்து உதவியவருக்கு மட்டும் இரண்டு.

5. செய்முறை

வேர் ஆழம் போகாது. 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழச் சட்டி போதும். அடியில் துளை கட்டாயம். தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து நிரப்புக. குருத்து மண்ணுக்கு மேலே நிற்கட்டும், புதைந்தால் அழுகும். காலை வெயில் நன்று, நடுப்பகலுக்கு நிழல். ஓடுகொடியின் கணுவை இன்னொரு சட்டி மண்ணில் அழுத்தி வைத்தால் வேர் பிடிக்கும். இந்தக் கடைசிப் படி எவருக்கும் தவறுவதில்லை.

6. முடிபு

ஓடுகொடி பெருகியதும் மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "அக்கா, ஒரு கன்னு இருந்தா தாங்களேன்." கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் வெறும் பாத்திரம் திருப்பி அனுப்பும் வழக்கம் இவ்வூரில் இல்லை. ஒரு வீட்டிலிருந்து பலாக்காய் வரும், இன்னொரு வீட்டிலிருந்து பை நிறைய ரம்புட்டான். நீர், எரு, நிழல், கவலை அனைத்தையும் வரவோடு ஒப்பிட்டு இவ்வாய்வு பின்வரும் முடிவை அறிவிக்கிறது: பல்லேகலையில் ஸ்ட்ரோபெரிச் செடி நன்றாகவே காய்க்கிறது, காய்ப்பது ரம்புட்டான்.