பாயிண்ட் மாமா

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் எந்த ஊரில் வேண்டுமானாலும் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், எதுவானாலும் சரி. கண்ணில் படும் முதல் பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு, "எங்க பையன் வெளிநாடு போலாம்னு இருக்கானுங்க" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். டீ வருவதற்கு முன்னால் பாயிண்ட் மாமா வந்துவிடுவார்.

ஊருக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. ஒரு ஊரில் ரிட்டயர்டு கூட்டுறவு சங்கச் செயலாளர், இன்னோர் ஊரில் கோழிப்பண்ணையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர், சங்ககிரிப் பக்கம் என்றால் கடைசி லாரியையும் விற்றுவிட்டவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா, கையில் கோழித் தீவனக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி. வெளிநாடு போக ஆசைப்படுகிற எவரையும் நிறுத்திவைத்து, போகத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று மார்க் போடுவதுதான் அவருடைய வேலை. கட்டணம் ஒரு டீ. சர்க்கரை இல்லாமல்.

மாமா எந்த நாட்டுக்கும் போனதில்லை. ஆனால் பாஸ்போர்ட் உண்டு. முதல் பாஸ்போர்ட் பத்து வருடம் முடிந்து காலாவதியாகி, இப்போது இரண்டாவது நடக்கிறது. 36 பக்கமும் வெள்ளை. இதை யாராவது சுட்டிக்காட்டினால் அவர் கோபப்பட மாட்டார். "பேப்பர் திருத்தறவரு முதல்ல பரீட்சை எழுதோணும்னு எந்தச் சட்டத்துலங்க இருக்குது?" என்பார். அதற்குப் பதில் சொல்லக் கூடியவர் யாரும் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

இப்படி ஒரு மனிதர் உருவானதற்கு இந்த மண்தான் காரணம். முட்டை அனுப்புவதும் லாரிக்கு பாடி கட்டுவதும் போக, நாமக்கல் சீமைக்கு இன்னொரு பெருந்தொழில் இருந்தது. அது மார்க். ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் மாநில ரேங்க் எந்தப் பள்ளிக்கு என்பதுதான் பேக்கரிப் பேச்சு. 2017-ல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகள் மூச்சு விட்டார்கள்; மாமாவுக்குத்தான் பொழுது போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து யாரோ ஒரு பையன் தன் போனில் கனடாவின் பாயிண்ட் அட்டவணையைக் காட்டித் தொலைத்தான். ஒரு நாடே மார்க் போட்டுத்தான் ஆள் எடுக்கிறது, அதுவும் 1967-லிருந்து எடுக்கிறது என்று தெரிந்ததும் மாமாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்போது அவர் தூக்கத்தில்கூடச் சொல்வார்: மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, கையில் வேலை இருந்தால் 10, அங்கே ஒட்டிக்கொள்ள உறவு, தொடர்பு இருந்தால் 10. ஆக 100. பாஸ் மார்க் 67. "இதுல பாஸானா வரிசையில நிக்கலாம், அவ்வளவுதான். அப்பறம் 1,200-க்கு இன்னொரு கணக்கு இருக்குது. அதுல 500 வாங்கியும் கூப்புடாம உக்காந்திருக்கறாங்க" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும், அந்த வரிசையைத் தாமே நிறுத்திவைத்திருப்பவரைப் போல. ஆஸ்திரேலியா குறைந்தது 65 கேட்பதால் அதன் மேலும் மதிப்பு உண்டு. ஜெர்மனிதான் அவரிடம் பெயர் கெட்டுவிட்டது. 2024 ஜூனில் அவர்கள் கொண்டுவந்த வாய்ப்பு அட்டைக்கு 6 பாயிண்ட் போதும் என்று கேள்விப்பட்டவர், "ஆறா? ஆறு மார்க்குக்கு எங்க ஊர்ல எல்.கே.ஜி.லயே ஒக்கார வெச்சிருவாங்க" என்றார்.

ஆனால் கனடாவின் மேலும் அவருக்கு ஒரு வருத்தம். கேள்வித்தாள் தயாரிக்கும்போது நாமக்கல் ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே தீவன டைரியின் கடைசிப் பக்கத்தில் தாமே ஓர் அட்டவணை போட்டார்: சமையல் 20, தனிமை 20, அம்மா 20, குளிர் 15, கடன் 15, கக்கூஸ் கழுவுதல் 10. பாஸ் மார்க்கில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அதே 67.

தேர்வு நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். பி.இ. முடித்து, ஐ.ஈ.எல்.டி.எஸ்.-ல் 7.5 வாங்கிய பையனை அம்மா அப்பா பெருமையோடு கூட்டி வருகிறார்கள். முட்டையை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்ப்பதுபோல மாமா அவனை மேலும் கீழும் ஒருமுறை பார்க்கிறார்.

"தம்பி, ரசம் வெக்கத் தெரியுமா?"

"யூடியூப்ல பாத்துக்குவேனுங் மாமா."

"பாத்துக்கோ. புளி தீந்து போச்சுன்னா?"

பையன் யோசிக்கிறான். மாமா பேனாவைத் திறக்கிறார். "ரெண்டு தக்காளியச் சேத்தி நசுக்கோணும்னு சொல்லத் தெரியல. சமையல் மூணு." அடுத்த கேள்வி: "உன்ற பனியன நீயே கடைசியா எப்பத் தொவச்சே?" இதற்குப் பையன் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொள்கிறார்: "அதுக்கெல்லாம் அவனுக்கு எங்கீங்ண்ணா நேரம்?" தனிமைப் பாடத்தில் இருபதும் அந்த இடத்திலேயே போய்விட்டது. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினால் என்ன தண்டனையோ அதே தண்டனை.

கடன் பாடத்தில் மாமா டாலரை ரூபாயாக மாற்ற மாட்டார், முட்டையாக மாற்றுவார். படிக்கப் போகிறவர், கல்லூரிக் கட்டணம் போக ஒரு வருடம் பிழைக்கக் கையில் காட்ட வேண்டிய பணத்தை 10,000 கனடா டாலராக வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அது 20,635 ஆனது. 2025 செப்டம்பரில் 22,895. "பண்ணை வெல அஞ்சு ரூவான்னு வெச்சாலும் கிட்டத்தட்ட மூணு லச்சம் முட்டை ஆச்சு. ஒரு கோழி வருசத்துக்கு முந்நூறு போடும். ஆயிரங் கோழி ஒரு வருசம் பூராவும் ஒனக்காகவே முட்டை போடோணும். அந்த ஆயிரங் கோழிக்கும் நீ பதில் சொல்லோணும் தம்பி." கனடாத் தூதரகத்தில்கூட இவ்வளவு அஞ்சாத பையன் அங்கே நெளிந்துவிடுவான்.

குளிருக்கு மட்டும் செய்முறைத் தேர்வு. ஏற்காடுதான் ஆய்வுக்கூடம். மார்கழி விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏரிக்கரையில் ஸ்வெட்டர் இல்லாமல் கால் மணி நேரம் நிற்க வேண்டும். பல் கிட்டினால் மார்க் குறையும். வின்னிபெக் நகரத்தில் ஜனவரி இரவு என்றால் மைனஸ் இருபது சர்வசாதாரணம், ஏற்காட்டில் பூஜ்யத்தையே பார்க்க முடியாதே என்று கேட்டால் அதற்கும் அவரிடம் திருத்தம் இருக்கிறது: "அதுக்குத்தானுங்க சட்டையையும் கழட்டச் சொல்றது. கணக்கு சரியாப் போயிரும்."

பி.இ. பையனின் மொத்த மார்க் 22. அதிலும் கக்கூஸ் கழுவுதலில் கிடைத்த எட்டு, விடுதிப் பள்ளியில் படித்த புண்ணியம்.

மாமாவின் டைரியில் தொண்ணூறைத் தாண்டியவர்கள் ஒரே இனம்தான்: திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பையன்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியோடு போனால் மாதக்கணக்கில் மத்தியப்பிரதேசமும் சத்தீஸ்கரும்தான் வீடு. பத்தாவதைத் தாண்டாதவர்கள் உண்டு. கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவே தூங்குவார்கள், வண்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் சோறாக்குவார்கள், தண்ணீர் வராத காட்டுக்காரரிடம் அவர் மொழியிலேயே திட்டு வாங்குவார்கள். இந்த ஊர் ரிக்குகள் ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன, கூடவே இவர்களும். போவதற்குப் பத்து நாளாவது முன்பு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரியான இடத்தில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ் 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். "ஐ.ஈ.எல்.டி.எஸ். ரெண்டே வருசம். இது சாகற வரைக்கும். எது பெரிய படிப்பு?" என்பார் மாமா. ரிக் பையனுக்கு 92. மிச்ச எட்டு, அம்மாவுக்கு போன் பண்ணாத குறைக்காக வெட்டப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பையன்கள் ஒருவர்கூட மார்க் கேட்டு மாமாவிடம் வந்ததில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவருக்கே சேதி வரும். வந்ததும் டைரியில் குறித்துக்கொள்வார்.

மாமாவின் அதிகாரம் செல்லாத இடம் ஒன்று உண்டு. அவர் வீட்டுத் திண்ணை. அங்கே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மாமா உற்சாகமாகப் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கண்டிச்சீமைத் தேயிலைக்காட்டுக்கு ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் போனார்கள், மண்டபம் முகாமில் வைத்து நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள், அப்போதே தகுதிப் பரீட்சை இருந்திருக்கிறது பார் என்று. அத்தை தலை நிமிராமல் கேட்டார்:

"ஏனுங்க, போனவங்களை அத்தனை சோதிச்சாங்களே, முன்பணம் குடுத்துக் கூட்டிட்டுப் போன கங்காணிய யாராச்சும் சோதிச்சாங்களா?"

மாமா டீயைக் குடித்தார்.

அத்தை விடவில்லை. மார்க் கேட்டு வந்து எதிரே நின்ற பையனைப் பார்த்தார். "கண்ணு, நீ ரசம் வெக்கறது அப்பறம். உன்னைய அனுப்பறது யாரு? ஆபீசு எங்க? லைசென்ஸ் நம்பர் குடுத்தானா? எத்தனை கேக்கறான், ரசீது தர்றானா? டூரிஸ்ட் விசாவுல போயி அங்க மாத்திக்கலாம்னு சொன்னானா?" ஐந்து கேள்வி. கடைசிக் கேள்விக்குப் பையன் முகம் மாறியது. அனுப்புகிறவன் அப்படித்தான் சொல்லியிருந்தான் போலிருக்கிறது.

இந்தக் கேள்விகளையும் சேர்க்கலாமே என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. இடமில்லை என்கிறார். ஏற்கெனவே 100 ஆகிவிட்டதாம்.

இதில்தான் மாமாவும் ஊரும் ஒன்று. போகிறவனுக்கு வயது, மொழி, படிப்பு, ரசம் என்று எல்லாவற்றிலும் மார்க் போடுகிறோம். அனுப்புகிறவனை மட்டும் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம். 2022-லிருந்து கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் தகுதி குறைந்தவர்கள் இல்லை. கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரிந்ததால்தான் அவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆகவே, உங்கள் வீட்டில் கிளம்பக் காத்திருக்கிற பிள்ளை இருந்தால் மாமாவிடம் தாராளமாக அனுப்புங்கள். ஒரு மாதத்தில் ரசமும் துணி துவைப்பதும் வந்துவிடும். போகாவிட்டாலும் வீட்டுக்கு லாபம். ஆனால் பணத்தை எண்ணி வைக்குமுன் அத்தையின் ஐந்து கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் பெயர் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா என்று போனிலேயே பார்த்துவிடலாம். வேலை தேடிப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். முகவரே வேண்டாம் என்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது. ஐந்தில் ஒரு கேள்விக்கு முகவர் மழுப்பினாலும் அவர் பெயில். இந்தப் பரீட்சையில் மறுகூட்டல் கிடையாது.