வெட்டு மருமகனே, வெட்டு!

வீட்டுக்குப் பின்னால உள்ள மண்மேட்டை பெக்கோ போட்டு வெட்டப் போறியாமே மருமகனே? டூரிஸ்ட்டுக்கு ரெண்டு ரூம் எடுக்கப் போறியாம். ஜன்னலைத் திறந்தா பள்ளத்தாக்கே தெரியுமாம். நல்ல யோசனை. ஆனா வெட்டுறதை அரைகுறையா வெட்டாத. நெட்டுக்குத்தா வெட்டு. படிப்படியா வெட்டி, கல்லு கட்டி, தண்ணி வடியக் குழாய் வையின்னு எவனாவது வருவான். உன் முன்னேற்றம் பொறுக்காதவன், அவன் பேச்சைக் கேக்காத. மேல உள்ள பழைய கானையும் மூடிடு. மழைத்தண்ணி எதுக்கு வெளிய ஓடிப்போகணும்? மண்ணுக்குள்ளயே இறங்கி, ஊறி, பாரம் ஏறட்டும். ஒரு நாள் ராத்திரி மலையே உன் ரூமைப் பார்க்க இறங்கி வரும்.

வந்தாலும் கவலைப்படாத, உன் பேரு வெளிய வராது. "இயற்கை அனர்த்தம்"னு ஒரு பேரு கச்சேரியில தயாரா இருக்கு. உன் பெக்கோ, என் சோம்பல், அவங்க கையெழுத்து எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்.

மீரியபெத்தையில அடங்கல? கொஸ்லந்தைப் பக்கம், 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். லயம் லயமா மண்ணு மூடிருச்சு. 2005-லயே அந்த இடம் ஆகாதுன்னு சொன்னாங்க, 2011-லயும் சொன்னாங்க. எழும்பிப் போங்கன்னாங்க. எங்க போறதுங்கிறதை மட்டும் சொல்ல மறந்துட்டாங்க. கையளவு காணி கூட பேர்ல இல்லாத சனம், காம்பராவைத் தலையில தூக்கிக்கிட்டா போகும்? வெள்ளைக்காரன் காட்டை அழிச்சுக் கோப்பி போட்டான், கோப்பிக்கு நோய் வந்ததும் தேயிலை போட்டான். தொரை பங்களாவுக்கு எந்த மேடு, லயத்துக்கு எந்தச் சரிவுன்னு ஒரு தடவை நடந்து பாரு. மலைக்குத் தராதரம் தெரியாதும்பாங்க. லயத்துக்கு இடம் பார்த்தவனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

2025 நவம்பர்ல டித்வாப் புயல் வந்துச்சே, நாடு முழுக்க 600 பேருக்கு மேல போனாங்க. பதுளை, கண்டி, நுவரெலியாப் பக்கம் காத்து அடிச்சா செத்தாங்க? மண்ணுதான் மூடுச்சு. பழி மட்டும் புயல் பேர்ல.

பூமி ஆடுற நாடா இருந்தா உனக்கு இன்னும் வசதி. ஆட்டிவிடுறது ஒருத்தன், அள்ளிக்கிட்டுப் போறது இன்னொருத்தன். 2021 ஆகஸ்ட் 14-ல ஹெயிட்டியோட தென்மேற்குப் பக்கம் 7.2 அளவுக்கு ஆடுச்சு. மலையெல்லாம் வெடிப்பு. ரெண்டே நாள்ல கிரேஸ்ங்கிற புயல் வந்து அந்த வெடிப்புலயே மழையை ஊத்துச்சு. நேபாளத்துல 2015 ஏப்ரல் 25 ஆட்டத்துல லாங்டாங் கிராமத்தைப் பனியும் பாறையும் சேர்ந்து மூடிருச்சு. மிச்சம் நின்ன சரிவுகள், வெடிப்போட ஜூன் மழைக்குக் காத்திருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை கேளு. 2010-ல ஜனவரியில ஹெயிட்டி ஆடுச்சு, 7.0. அடுத்த மாசமே சிலி ஆடுச்சு, 8.8. சிலியில வெளிப்பட்ட சக்தி ஹெயிட்டியைப் போல 500 மடங்கு. செத்தவங்க? சிலியில 500 பேர் அளவு, அதுலயும் கொஞ்சப் பேரைக் கடல் கொண்டு போச்சு. ஹெயிட்டியில லட்சத்துக்கு மேல. சிலிக்காரன் கட்டட விதியை எழுதிப் பெட்டியில வைக்காம, அதும்படி கட்டவும் வச்சுத் தொலைச்சிருக்கான். விவரங்கெட்ட ஆளு. நீ அவனைப் பார்த்துக் கெட்டுப் போகாத.

ஆனா ஒண்ணு, மலை உன்னை மாதிரி ரகசியமா எதுவும் செய்யாது. முன்கூட்டியே நோட்டீஸ் விடும். மரம் சாயும், தரை வெடிக்கும், கதவு இறுகும், தெளிஞ்ச ஊத்து திடீர்னு கலங்கி வரும். உடனே சிமெந்து பூசி பெயின்ட் அடிச்சிடு. டூரிஸ்ட்டு பயந்துடக் கூடாது பாரு.

மண்சரிவுக்குக் கட்டிட ஆராய்ச்சிக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு நாள்ல 75 மில்லிமீட்டர் மழைன்னா கவனம், 100-ன்னா எச்சரிக்கை, 150-ன்னா எழும்பி ஓடு. ஒரு மணித்தியாலத்துலயே 75 கொட்டினாலும் ஓடு. உனக்கெதுக்கு அந்தக் கணக்கு? நான் முத்தத்துல உயரமான டின் மீன் டப்பா ஒண்ணு வச்சிருக்கேன், நேரா நிக்கிற டப்பா. அது நிரம்பினா 100 தாண்டிருச்சுன்னு அர்த்தம். 150-க்குக் காத்திருக்க எனக்குக் கால் வலி இருக்கு, அப்பவே கிளம்பிடுவேன். உங்க அத்தை சிரிக்கிறா. சிரிக்கட்டும், குடையை எடுத்துக்கிட்டு அவளுந்தான் பின்னாலயே வர்றா.

அது கிடக்கட்டும். வெட்டுற மண்ணை எங்க கொட்டப் போற? கீழ் லயத்துக்குப் பின்னால உள்ள ஓடையிலயா? அதுவும் நல்ல இடந்தான், கிட்டத்துல இருக்கு, லொறிக் கூலி மிச்சம். எந்தக் கிழமைன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு மருமகனே. அந்த லயத்துல ஆறாவது காம்பரா என்னோடது, நான் மக வீட்டுக்கு பஸ் பிடிக்கணும்.